லண்டனிலிருந்து ஒரு நாள்: நோல், ஐட்டம் மோட், சிசிங்ஹர்ஸ்ட், கிரேட் டிக்ஸ்டர் – எந்த மாளிகைக்குப் போவது?

"அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமைதான் கையில் இருக்கிறது. பழைய ஆங்கிலேய மாளிகை ஒன்றையும் அதன் தோட்டத்தையும் காட்ட வேண்டும், எங்கே கூட்டிப்போவது?" கோடை பிறந்தால் இந்தக் கேள்வி பலரிடமிருந்து வருகிறது. கேட்பவர்களிடம் நாலைந்து பெயர்கள் ஏற்கெனவே இருக்கும். எல்லாப் படங்களிலும் செங்கல் சுவர், ரோஜா, பச்சைப் புல்தரை. படத்தைப் பார்த்து எது எதற்கு நல்லது என்று சொல்லவே முடியாது.

அப்படி அடிக்கடி அடிபடும் நான்கு இடங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான்கும் லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட், சசெக்ஸ் பக்கம் இருப்பவை. விடுதியில் தங்காமல் காலையில் போய் இரவு வீடு திரும்பலாம். நோல் உண்மையில் மேனர், அதாவது நிலப்பிரபுவின் கிராமத்து வீடு, என்ற அளவைத் தாண்டிய அரண்மனை. ஆனாலும் எல்லோருடைய பட்டியலிலும் அது இருக்கிறது, அதனால் விடவில்லை.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

வீடா, தோட்டமா? மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான். இந்த நான்கில் இரண்டு வீட்டுக்காகப் போக வேண்டியவை, இரண்டு தோட்டத்துக்காகப் போக வேண்டியவை. ரோஜாவைத் தேடி நோலுக்குப் போனவர்களும், அரச கட்டிலையும் ஓவியக் கூடத்தையும் தேடி சிசிங்ஹர்ஸ்டுக்குப் போனவர்களும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். இடத்தின் மேல் குறையில்லை, தேடிப் போனது அங்கே கிடையாது, அவ்வளவுதான்.

எந்த மாதம்? வீடு எப்போது போனாலும் அதே வீடுதான். தோட்டம் அப்படியில்லை. ஜூன் கடைசியில் பார்த்த தோட்டத்தை ஆகஸ்ட் நடுவில் போய்ப் பார்த்தால் அடையாளம் தெரியாது.

கார் உண்டா? ரயில் டிக்கெட் விலையைப் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள். செலவு ஏறுவது ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான்.

யார் கூட வருகிறார்கள்? முட்டிவலி உள்ளவருக்குக் குறுகலான சுழல்படி தண்டனை. தள்ளுவண்டிக் குழந்தைக்கு ஒழுங்கில்லாத கல்தரை தண்டனை.

| | நோல் | ஐட்டம் மோட் | சிசிங்ஹர்ஸ்ட் | கிரேட் டிக்ஸ்டர் |
|---|---|---|---|---|
| வீட்டின் உட்புறம் | மிகப் பெரியது, அரச தளவாடங்கள் | சிறியது, நெருக்கமானது | மிகக் கொஞ்சம் | மரக்கூடம், சில அறைகள் |
| தோட்டம் | மான் பூங்காவே பெரிது | அளவானது, அமைதியானது | இதற்காகவே போவது | இதற்காகவே போவது |
| நல்ல மாதம் | எப்போதும் | எப்போதும் | ஜூன் நடு முதல் ஜூலை தொடக்கம் வரை | ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் |
| கார் இல்லாமல் | எளிது | டாக்ஸி தேவை | டாக்ஸி, அல்லது பேருந்தும் நடையும் | ரயில், பிறகு பேருந்து |
| நேஷனல் டிரஸ்ட் (பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளை) சந்தா | செல்லும் | செல்லும் | செல்லும் | செல்லாது |

## நோல்: கார் இல்லாதவர்களின் முதல் தேர்வு

லண்டன் பிரிட்ஜிலோ சேரிங் கிராஸிலோ ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் செவனோக்ஸ். அங்கிருந்து ஊர் வழியாக நடந்தே பூங்காவுக்குள் போய்விடலாம். நடந்து வருபவர்களுக்குப் பூங்காவில் கட்டணம் இல்லை. சுமார் ஆயிரம் ஏக்கர் பரப்பில் மான்கள் மந்தை மந்தையாக மேய்கின்றன. வீட்டுக்குள் போகாமல் மானைப் பார்த்துவிட்டு, மரநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாலும் அது நல்ல நாள்தான். மானுக்கு மட்டும் எதையும் கொடுக்காதீர்கள். அக்டோபரில் ஆண் மான்கள் மோதிக்கொள்ளும் பருவம், குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். 1987 அக்டோபர் புயலில் இந்தப் பூங்காவின் மரங்களில் பத்தில் ஏழுக்கு மேல் சாய்ந்துவிட்டன. இன்று நாம் பார்க்கும் மரங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு நட்டவை.

வீட்டின் கதை நீளமானது. 1456ல் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் தாமஸ் போர்ஷியர் இதை வாங்கினார். பிறகு எட்டாம் ஹென்றி ஆர்ச்பிஷப் கிரான்மரிடமிருந்து எடுத்துக்கொண்டார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சாக்வில் குடும்பம். அந்தக் குடும்பத்து ஏர்ல் (பிரபு) ஒருவர் மன்னரின் அரண்மனையில் சேம்பர்லைனாக, அதாவது அரண்மனை அதிகாரியாக இருந்ததால், அரச மாளிகைகளில் கழித்துப்போட்ட கட்டில்களும் நாற்காலிகளும் அவருக்கு உரிமையாக வந்தன. அப்படி வந்தவை இன்னும் இங்கே இருக்கின்றன. நெய்த துணி நைந்துவிடாமல் இருக்க அறைகளில் வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள். கண் பழகச் சற்று நேரம் கொடுங்கள்.

என்னை இங்கே பிடித்து நிறுத்துவது தரைப்பலகைகள். முதலாம் ஜேம்ஸ் மன்னர் வந்து தங்கக்கூடும் என்று தயார் செய்த அறையின் தரையை 2014ல் பழுதுபார்க்கத் திறந்தார்கள். உத்தரங்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய கோடுகளும் கருக்கிய தழும்புகளும் இருந்தன. தீய சக்தி அண்டாமல் இருக்கத் தச்சர்கள் போட்ட காப்புக்குறிகள் அவை. மரவளையத்தை வைத்து 1606ஐ ஒட்டிய வேலை என்று கணித்தார்கள். அதாவது மன்னரை நாடாளுமன்றத்தோடு தகர்க்கத் திட்டமிட்ட வெடிமருந்துச் சதி பிடிபட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம். நாடு முழுக்க இருந்த பயத்தை, பெயர் தெரியாத ஒரு தச்சன் மன்னரின் காலடியில் கீறி வைத்திருக்கிறான்.

வேலைக்காரர்களின் சுவடும் உண்டு. 1613 முதல் 1624 வரை இங்கே வேலை பார்த்தவர்களின் பட்டியலில், சலவைப் பகுதியில் கிரேஸ் ராபின்சன் என்றும் சமையல்கட்டில் ஜான் மொரோக்கோ என்றும் இரண்டு கறுப்பினத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த ஹுவாங் யா டாங் என்ற சீன இளைஞரை ஜோஷுவா ரெனால்ட்ஸ் ஓவியமாக வரைந்தார். பிள்ளைகளிடம் காட்டுங்கள், கோமான்களின் வரிசையான உருவப்படங்களைவிட அவர்கள் இதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

குறை என்னவென்றால், மலர்த் தோட்டம். மதிலுக்குள் இருக்கும் தோட்டம் சாக்வில் குடும்பத்தின் தனிச்சொத்து. கோடையில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் திறப்பார்கள். முக்கியக் கூடங்கள் முதல் மாடியில் இருக்கின்றன, படியேற முடியாதவர்களோடு போகிறவர்கள் முன்பே விசாரித்துவிடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியும் ஏற்றம்தான்.

## ஐட்டம் மோட்: பெற்றோருடன் போக

மேனர் வீடு என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் எழும் சித்திரத்துக்கு இந்த நான்கில் மிக நெருங்கி வருவது இதுதான். சுற்றிலும் அகழி. நீரிலிருந்து நேராக எழும் கல்சுவர், அதற்கு மேல் மரச்சட்டமும் சாந்தும். நடுவே கல் பாவிய முற்றம். மிகப் பழைய பகுதி 1320களைச் சேர்ந்தது. பெயர்தான் அகழி, போர் எதுவும் இதைத் தேடி வரவில்லை. பணமும் ஊரில் மதிப்பும் உள்ள நடுத்தரப் பிரபுக்களே தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தார்கள். அதனால் அறைகள் எல்லாம் ஒரு குடும்பம் புழங்கும் அளவில்தான் இருக்கின்றன. நோலில் இரண்டு மணி நேரம் நடந்து களைத்துப் போகும் பெரியவர்கள் இங்கே ஜன்னலோரம் நின்று, மீனைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள்.

தேவாலய அறையில் நின்று அண்ணாந்து பாருங்கள். 1521ல் வீட்டை வாங்கிய ரிச்சர்ட் கிளெமென்ட் அரசவை ஆள். விசுவாசத்தைக் காட்ட, மரக்கூரை முழுக்கச் சின்னங்கள்: டியூடர் அரச வம்சத்தின் ரோஜா, பக்கத்தில் மாதுளை. மாதுளை, எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி அரகானின் கேத்தரினுடைய சின்னம். மன்னர் அவரை விலக்கிவிட்டார், நாட்டின் சமயமே மாறியது. இந்தக் கூரையிலிருந்து மாதுளையை யாரும் அழிக்கவில்லை. நிறம் மங்கிப்போய், ஐந்நூறு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது.

வீடு பிழைத்ததே பெரிய விஷயம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பராமரிக்க ஆளில்லாமல் இடிந்துவிழும் நிலை. 1953ல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து வணிகர் சார்லஸ் ஹென்றி ராபின்சன் வாங்கினார். வாங்க ஒப்புக்கொண்ட பிறகு மனம் மாறி, வேண்டாம் என்று கப்பலில் கடிதம் எழுதினாராம். கப்பலில் அதை அஞ்சலில் சேர்க்க முடியாமல் போய், கரையிறங்குவதற்குள் மறுபடி மனம் மாறிவிட்டது என்று இந்த வீட்டில் ஒரு கதை உண்டு. 1985ல் அவர் இறந்ததும் வீடு நேஷனல் டிரஸ்டுக்கு வந்தது. 1989 முதல் 2004 வரை, ஒரு கோடிப் பவுண்டுக்கு மேல் செலவழித்து, பகுதி பகுதியாகப் பிரித்துச் சரிசெய்தார்கள். முற்றத்தில் ஒரு செயின்ட் பெர்னார்ட் நாய்க்காக 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மரக்கூண்டு நிற்கிறது. வீட்டுக்கு உள்ள அதே முதல் தரச் சட்டப் பாதுகாப்பு அந்தக் கூண்டுக்கும் உண்டு. குழந்தைகள் அதைவிட்டு நகரமாட்டார்கள்.

தோட்டம் அழகு, ஆனால் தோட்டத்துக்காக மட்டும் இவ்வளவு தூரம் வரச் சொல்லமாட்டேன்.

மறைசெலவு டாக்ஸிதான். செவனோக்ஸிலிருந்தோ பரோ கிரீனிலிருந்தோ போக வேண்டும். திரும்பி வரும் டாக்ஸியைப் போகும்போதே பேசிவிடுங்கள். அங்கே நின்றுகொண்டு கைப்பேசியில் வண்டி தேடினால் எளிதில் கிடைக்காது. கார் நிறுத்துமிடத்திலிருந்து வீட்டுக்குப் பாதை இறக்கம், திரும்பும்போது அது ஏற்றம். நன்றாக நடப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: நோல் பூங்காவிலிருந்து கிரீன்சேண்ட் வே என்ற நடைபாதையைப் பிடித்தால், காடும் மேடுமாக நாலைந்து மைலில் ஐட்டம் மோட். நோலையும் இதையும் ஒரே நாளில் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

## சிசிங்ஹர்ஸ்ட்: நாள் சரியாக அமைந்தால் மட்டும்

நான்கில் பெயர் பெற்றது இது. காரணத்தைச் சொல்ல நோலுக்குத் திரும்ப வேண்டும். எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட் நோலில் பிறந்தார், ஒரே பிள்ளை. பெண் என்பதால் சொத்து அவருக்கு வரவில்லை. 1928ல் தந்தை இறந்ததும் அது சித்தப்பாவுக்குப் போனது. இரண்டு ஆண்டு கழித்து, 1930ல், அவரும் கணவர் ஹெரால்ட் நிகல்சனும் சிசிங்ஹர்ஸ்டை வாங்கினார்கள். ஒரு கோபுரம், சில துண்டுக் கட்டடங்கள், குப்பைமேடு. அவ்வளவுதான் அப்போது இருந்தது. பிரெஞ்சுப் போர்க்கைதிகளை அடைத்த இடமாகவும், ஏழைகள் விடுதியாகவும் இருந்து சிதைந்திருந்தது. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் சாக்வில் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட சிசிலி பேக்கர் பிறந்த குடும்பத்தின் இடம் அது. இழந்த வீட்டுக்குப் பதிலாக, தன் மூதாதையின் பிறந்தகத்தில் வீட்டா ஒரு தோட்டத்தை எழுப்பினார். நோலை ஒருமுறை பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு இந்தத் தோட்டத்தின் தொனியே வேறாகத் தெரியும்.

ஹெரால்ட் கோடு போட்டார். யூ மரவேலியும் செங்கல் சுவரும் கொண்டு கூரையில்லாத அறைகளாகப் பிரித்தார். வீட்டா அந்த அறைகளைச் செடியால் நிரப்பித் தள்ளினார். போருக்குப் பிறகு உருவான வெள்ளைத் தோட்டத்தில் வெள்ளையும் பச்சையும் வெள்ளிச் சாம்பல் நிறமும் தவிர எதுவும் இல்லை. நடுவே இரும்புப் பந்தலில் முலிகானி என்ற கொடிரோஜா, ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் பொங்கிப் பூக்கும். பத்து நாள் தவறினால் பச்சை இலைதான். குறுகிய செங்கல் பாதையில் முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவரும் நிற்க வேண்டும். பூ உச்சத்தில் இருக்கும் வார இறுதியில் வரிசையாகத்தான் நகர முடியும். 1938ல் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் மக்களுக்குத் திறந்தார்கள். வருகிறவர்களையே வீட்டா 'ஷில்லிங்குகள்' என்று பாசமாகச் சொல்வாராம். இந்தக் கூட்டத்தை அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். 1967 முதல் நேஷனல் டிரஸ்டிடம் இருக்கிறது.

வீட்டின் உட்புறம் பார்க்க அதிகம் இல்லை. முக்கியமாக நீண்ட நூலகமும் கோபுரத்தில் வீட்டா எழுதிய அறையும்தான். கோபுரத்தின் 78 படிகளும் ஏறினால் தோட்டத்தின் முழுக் கோடும் கீழே விரியும். ஹெரால்டின் திறமை அங்கிருந்துதான் புரிகிறது. ஏற முடியாதவர்கள் இழப்பது பெரிய இழப்பு.

ரயிலில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் வரை சுமார் ஒரு மணி நேரம், பிறகு ஐந்தரை மைல் டாக்ஸி. பேருந்தில் ஊர் வரை வந்து, ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலாக நடக்கலாம். ஞாயிறன்று பேருந்தை நம்ப வேண்டாம். உங்களுக்குக் கிடைத்த நாள் ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரத்துக்குள் ஒரு வேலைநாள் என்றால் யோசிக்காமல் இங்கே போங்கள். ஆகஸ்ட் வார இறுதி என்றால் கீழே படியுங்கள்.

## கிரேட் டிக்ஸ்டர்: என் ஓட்டு

1910ல் நத்தேனியல் லாய்ட் என்ற அச்சுத் தொழிலதிபர், நார்தியம் ஊரில் 15ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு ஒன்றை வாங்கினார். விரிவாக்க அழைத்தது எட்வின் லட்யன்ஸை. சில ஆண்டுகளில் புதுடெல்லியைக் கட்டப் போன அதே லட்யன்ஸ்தான். டெல்லியில் அகன்ற சாலையும் பிரம்மாண்டமும் செய்தவர், இங்கே தாழ்ந்த கூரையும் வளைந்த படிக்கட்டுமாகக் கைவேலை காட்டியிருக்கிறார். கென்டின் பெனென்டன் ஊரில் இடிக்கவிருந்த பழைய வீடு ஒன்றை 75 பவுண்டுக்கு வாங்கி, மரங்களுக்கு எண் போட்டுப் பிரித்துக் கொண்டுவந்து இதோடு சேர்த்துவிட்டார்கள். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தேடிக்கொண்டே சுற்றலாம். கூடத்தில் நின்று உத்தரங்களைப் பார்த்தாலே வந்த செலவு தீர்ந்துவிடும்.

தோட்டம் நத்தேனியலின் மகன் கிறிஸ்டோபர் லாய்டுடையது. 1921ல் இங்கேயே பிறந்து 2006ல் மறைந்தவர். லட்யன்ஸ் வகுத்த ரோஜாத் தோட்டத்தை, மற்றவர்கள் அதிர்ச்சியடைய, 1993ல் பிடுங்கிப் போட்டார். அந்த இடத்தில் வாழை, கல்வாழை, டேலியா. செப்டம்பர் தொடக்கத்தில் அதற்குள் நுழைந்தால் தலைக்கு மேலே வாழையிலை காற்றில் கிழிந்து ஆடும். சிவப்பும் ஆரஞ்சும் ஊதாவும் தோளை உரசும். சசெக்ஸ் குளிரில் வாழையைக் காப்பாற்ற, குளிர்காலத்தில் தண்டைச் சுற்றிப் போர்த்தி வைக்கிறார்கள். இலையில் சாப்பிட்டு வளர்ந்த நம் பெரியவர்கள் இந்த இடத்தில் நின்று பேசத் தொடங்கினால் நகர்த்துவது கடினம்.

நான்கில் இன்னும் மாறிக்கொண்டே இருக்கும் தோட்டம் இது என்பதால்தான் என் ஓட்டு இதற்கு. 1993 முதல் தலைமைத் தோட்டக்காரராக இருக்கும் ஃபெர்கஸ் காரெட், லாய்டின் வழியிலேயே போன ஆண்டு செய்ததை இந்த ஆண்டு திருப்பிச் செய்வதில்லை. வாசல் முகப்பில் அடுக்கிய தொட்டிச்செடிகள்கூடப் பருவத்துக்குப் பருவம் மாறும். முன்புறப் புல்வெளியைக் கோடை முதிரும்வரை வெட்டாமல் விடுவதால் ஜூனில் அங்கே காட்டு ஆர்க்கிட் பூக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த உயிரினக் கணக்கெடுப்பில், சுற்றியுள்ள காட்டையும் புல்வெளியையும்விட அலங்காரத் தோட்டப் பகுதியிலேயே அதிக வகை உயிர்கள் இருப்பது தெரிந்தது. ஒட்டக் கத்தரித்த தோட்டமே அழகு என்று நினைப்பவர்களுக்கு முதலில் இது களேபரமாகப் படலாம். அப்படிப்பட்டவர் உங்களோடு வந்தால் சிசிங்ஹர்ஸ்டே மேல்.

நான்கில் செலவு அதிகம் ஆவது இதற்குத்தான். தனி அறக்கட்டளை நடத்துவது, நேஷனல் டிரஸ்ட் அட்டை இங்கே செல்லாது. செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ஆஷ்ஃபர்டில் மாறி ரை வரை ரயில், பிறகு நார்தியத்துக்குப் பேருந்து. கல் பாவிய பாதைகள் மேடுபள்ளம், இரு பக்கமும் செடி சாய்ந்திருக்கும், தள்ளுவண்டி சரிப்படாது. குளிர்காலத்தில் வீடு மூடியிருக்கும். திங்கட்கிழமையும் போகாதீர்கள். குழந்தைகள் கூட இருந்தால் பக்கத்தில் கென்ட்–கிழக்கு சசெக்ஸ் நீராவி ரயில் ஓடுகிறது, நார்தியத்தில் நின்று போடியம் கோட்டை வரை போகும்.

## எல்லா இடத்துக்கும் பொதுவான செலவுகள்

மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால், நெரிசல் இல்லாத நேர ரயிலில் குரூப்சேவ் என்ற குழுத் தள்ளுபடி எடுத்து மூன்றில் ஒரு பங்கு மிச்சம் பிடிக்கலாம். அடிக்கடி போகிறவர்கள் நெட்வொர்க் ரயில்கார்ட் என்ற தள்ளுபடி அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கார்டில் நான்கு பெரியவர்கள் வரை தள்ளுபடி உண்டு, வேலைநாளில் காலை பத்து மணிக்கு மேல்தான் செல்லும்.

நுழைவுச்சீட்டில் இரண்டு விலை போட்டிருந்தால், கூடுதலாக இருப்பது கிஃப்ட் எய்ட் நன்கொடையோடு சேர்ந்தது. அது பிரிட்டனில் வரி கட்டுபவர்களுக்கானது. ஊரிலிருந்து வந்த பெற்றோருக்குச் சாதாரண விலையைக் கேட்டு வாங்குங்கள்.

## காரில் போகிறவர்களுக்கு

சிசிங்ஹர்ஸ்டும் டிக்ஸ்டரும் ஒன்றுக்கொன்று பன்னிரண்டு மைல் அளவில்தான். ஜூன் மாத வேலைநாள் என்றால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். சிசிங்ஹர்ஸ்டுக்குத் திறந்ததும் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அங்கே நெரிசல். டிக்ஸ்டரில் வீட்டை மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள் என்பதால் வரிசையும் பொருந்தும். மாற்றிப் போனால் டிக்ஸ்டரில் வீடு மூடியிருக்கும், சிசிங்ஹர்ஸ்டில் வெள்ளைத் தோட்டத்தைக் கூட்டத்தின் முதுகுகளுக்கு இடையில்தான் பார்ப்பீர்கள்.